ரீப்ளே மேசைக்கு எந்த மெஷின் வாங்கலாம்?

ரீப்ளே மேசை என்பது, நேரலையில் இப்போதுதான் நடந்ததை உடனே மறுபடியும் ஓட்டிக் காட்டும் இடம். இந்தக் கேள்வியோடு யாராவது வந்தால், நான் முதலில் திருப்பிக் கேட்பது பட்ஜெட்டை அல்ல, எந்த விளையாட்டு என்பதைத்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு நேரலையில் ரீப்ளே மெஷினின் தேவையை முடிவு செய்வது ஒரே ஒரு விஷயம்: ஒரு பாயின்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை கைவசம் எத்தனை நொடி இருக்கிறது? மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நான் இருப்பது மிட்வெஸ்ட் பகுதியில், ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை கண்ட்ரோல் ரூமில். எம்.எஸ். படிக்க வந்தபோது எஃப்-1 மாணவர் விசாவில் கேம்பஸுக்குள் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்றார்கள். நூலகத்திலும் மெஸ்ஸிலும் இடம் இல்லை, வீடியோ பிரிவில் இருந்தது. கேபிள் சுருட்டுவதில் ஆரம்பித்து, கேமரா பிடித்து, கடைசியில் ரீப்ளே மேசைக்கு வந்தேன். அந்த நாற்காலியை விட்டு எழ எனக்கு மனமே வரவில்லை. படிப்பு முடிந்ததும் அதையே முழுநேர வேலையாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நொடிக்கணக்குக்கு வருவோம். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு ப்ளே (பந்தை எடுத்து ஒருமுறை ஆடி நிற்பது) முடிந்ததும், அடுத்ததைத் தொடங்க 40 நொடி கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. பெரும்பாலான அணிகள் அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் இரண்டு கோணம் தாராளமாகக் காட்டலாம், மூன்றாவதையும் திணிக்கலாம். எதிரணிக்கு மூச்சு விட நேரம் கொடுக்காமல் ஓடிவந்து வரிசையில் நிற்கும் அணி வந்தால் மட்டும் கதை மாறும். கூடைப்பந்தில் ஆட்டம் நிற்பதே இல்லை. எம்பிக் குதித்து பந்தை வளையத்துக்குள் திணிக்கும் அருமையான டங்க் ஒன்று விழுந்திருக்கும், ஆனால் ஃபவுல் விசிலோ டைம் அவுட்டோ வரும் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னும் நாலு நல்ல கிளிப் சேர்ந்துவிடும், எதை விடுவது என்பதே பெரிய கேள்வி. சாஃப்ட்பாலில் நேரம் உண்டு, ஆனால் எந்தப் பந்தில் ஆட்டம் திரும்பும் என்பது முன்கூட்டித் தெரியாது.

எல்லாவற்றிலும் கடினமானது வாலிபால். பாயின்ட் முடிந்ததும் ஆறு பேரும் நடுவில் கூடிக் கட்டிப்பிடிக்கிறார்கள், பந்து சர்வ் போடுபவர் கைக்குப் போகிறது, அவ்வளவுதான் நேரம். அதற்குள் சரியான கோணத்தைத் தேர்ந்தெடுத்து, பந்து தடுப்பாட்டக்காரரின் விரலில் படும் அந்தக் கணத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, டைரக்டரிடம் “ரெட் ரெடி” என்று சொல்ல வேண்டும். எந்த மெஷினாக இருந்தாலும் அதன் உண்மையான தரம் இங்கேதான் தெரியவரும்.

(ரெட், ப்ளூ, கோல்டு என்பவை ரீப்ளே சேனல்களின் பெயர்கள். இன்டர்காமில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எண்களைவிட நிறங்கள் காதில் தெளிவாக விழும்.)

மெஷின் உள்ளே நடப்பது எளிமையான விஷயம்தான். எல்லா கேமராவும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே இடைவிடாமல் பதிவாகிக்கொண்டிருக்கும். நான் ஜாக் சக்கரத்தை, அதாவது படத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் சக்கரத்தை, பின்னால் சுற்றி ஐந்து நொடிக்கு முன் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் பதிவு நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும் அந்தப் பதிவை நாங்கள் ட்ரெயின் என்போம். வட்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும், நான் மார்க் செய்த கிளிப்பை மட்டும் தொடாது.

கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண வீடியோவைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள், திக்கித் திணறும். காரணம், இணையத்துக்காகச் சுருக்கப்பட்ட வீடியோவில் பெரும்பாலான பிரேம்கள் முழுப் படம் அல்ல, முந்தைய பிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. ரீப்ளே மெஷின்கள் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனி முழுப் படமாகச் சேமிக்கின்றன. அதனால்தான் முன்னும் பின்னும் எந்த வேகத்திலும் வழுக்கிக்கொண்டு போக முடிகிறது. அதற்குக் கொடுக்கும் விலை, வட்டில் பிடிக்கும் இடம். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தாலும் மணிக்கு 45 ஜிபி ஆகிறது. எட்டு கேமரா, மூன்றரை மணி நேர ஃபுட்பால் ஆட்டம் என்றால் 1,260 ஜிபி. ஒரு ட்ரைவ் போதும், மலிவானது போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கொள்ளளவைவிட முக்கியம், எட்டுச் சேனலை எழுதிக்கொண்டே இரண்டு சேனலைப் படிக்கும் வேகம் அந்த ட்ரைவுக்கு இருக்கிறதா என்பது.

ஸ்லோமோஷன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க டிவி சேனல்களில் ஈஎஸ்பிஎன் ஒளிபரப்பு 720பி, அதாவது 720 வரிகள், நொடிக்குக் கிட்டத்தட்ட 60 முழு பிரேம். சிபிஎஸ், என்பிசி இரண்டும் 1080ஐ, அதாவது 1080 வரிகளில் ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை. எண்ணைப் பார்த்தால் 1080 பெரியது. ஆனால் பாதி வேகத்தில் ஓட்டும்போது 720பி தரும் வழவழப்பு 1080ஐ-யில் வராது, பந்தின் ஓரம் நடுங்கும். 60 முழு பிரேமைப் பாதி வேகத்தில் ஓட்டினால் நொடிக்கு 30 கிடைக்கும், கண்ணுக்கு அது போதும். இன்னும் மெதுவாக வேண்டுமென்றால் மூன்று மடங்கு வேகத்தில் பிடிக்கும் சூப்பர் ஸ்லோமோ கேமரா வேண்டும். அது நொடிக்கு 180 பிரேம் தரும். ஆனால் அந்த ஒரு கேமராவே மெஷினில் மூன்று இன்புட்டைப் பிடித்துக்கொள்ளும். கேமராவை மட்டும் வாங்கிவிட்டு இன்புட்டை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலே பிறந்தது ஒரு கல்லூரி ஆட்டத்தில் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. 1963 டிசம்பர் 7, ஃபிலடெல்ஃபியா, ராணுவ, கடற்படைக் கல்லூரிகள் மோதும் ஆர்மி – நேவி ஃபுட்பால். கென்னடி கொல்லப்பட்டதால் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்ட ஆட்டம் அது. சிபிஎஸ்ஸின் இளம் டைரக்டர் டோனி வெர்னா, அரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு வீடியோ டேப் மெஷினை ஆடுகளத்துக்கே கொண்டுவந்தார். டேப்பைப் பின்னால் சுற்றினால் எங்கே நிறுத்துவது? திரையில் எந்தப் படமும் தெரியாது. அதற்கு அவர் கண்ட வழி, டேப்பின் ஒலித்தடத்தில் பீப் சத்தம் பதிவது. வீரர்கள் கூடி நிற்கும்போது ஒரு சத்தம், ப்ளே தொடங்கப் போகும்போது இன்னொன்று. அன்று முழுவதும் முயன்றும் படம் சரியாக வரவில்லை. நான்காவது கால்பகுதியில் ஆர்மியின் ராலி ஸ்டிச்வே டச்டவுன் போட்டபோது ஒரே ஒருமுறை வந்தது. ஸ்லோமோஷன்கூட இல்லை, அதே வேகத்தில் மறுபடியும். ஆர்மி இன்னொருமுறை டச்டவுன் போட்டுவிட்டது என்று மக்கள் நினைத்துவிடக் கூடாதே என்று வர்ணனையாளர் லிண்ட்சே நெல்சன் இது நேரலை அல்ல என்று விளக்க வேண்டியிருந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 1967இல், ஆம்பெக்ஸ் நிறுவனம் எச்எஸ்-100 என்ற வட்டு மெஷினைக் கொண்டுவந்தது. 30 நொடிதான் பிடிக்கும். ஆனால் மெதுவாக ஓட்டலாம், உறையவைக்கலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். இன்று நான் கையை வைக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரும் ஜாக் சக்கரமும் அந்த வழியில் வந்தவைதான். வெர்னாவின் பீப் சத்தத்தை நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கும் பிரச்சினை படத்தின் தரத்தில் இல்லை, சரியான இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் என்று தோன்றும்.

இப்போது சந்தையில் இருப்பவை. பெரிய ஒளிபரப்பு வண்டிகளில் பார்ப்பது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து ஈவிஎஸ். எக்ஸ்டி வரிசை சர்வரும் எல்எஸ்எம் ரிமோட்டும் சேர்ந்தது. அந்த ரிமோட்டின் ஜாக் சக்கரமும் லீவரும் இந்தத் துறையின் பொதுமொழி ஆகிவிட்டன. ஈவிஎஸ் ஓட்டத் தெரிந்தவருக்கு ஊர் ஊராக ஃப்ரீலான்ஸ் வேலை கிடைக்கும். மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது அவர்கள் கையில் ஒரு தொழிலையே கொடுப்பதற்குச் சமம், இதையும் வாங்கும்போது கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்கு அடுத்து கனடாவின் எவர்ட்ஸ் செய்யும் ட்ரீம்கேச்சர், ராஸ் வீடியோவின் மீரா. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நியூடெக் உருவாக்கிய 3ப்ளேதான் பல சிறிய கல்லூரிகளுக்கு ரீப்ளேவின் வாசலைத் திறந்தது. 2019இல் அந்த நிறுவனத்தை விஸ்ஆர்டி வாங்கியது. இன்னும் குறைந்த செலவில் வேண்டுமென்றால், ஒரு நல்ல விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆஸ்திரேலிய மென்பொருளான விமிக்ஸைப் போட்டால் அதிலேயே ரீப்ளே வசதி இருக்கிறது.

என் கருத்து இது. கேமரா நான்குக்கு மேல் இல்லாத கண்ட்ரோல் ரூமுக்குப் பெரிய சர்வர் தேவையில்லை. ஆனால் கையால் தொடும் கண்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். மவுஸால் ரீப்ளே ஓட்டச் சொல்வது அநியாயம். கண் எல்லா கேமராவையும் ஒன்றாகக் காட்டும் மல்ட்டிவியூவர் திரையில் இருக்கும்போது விரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போக வேண்டும். மவுஸ் என்றால் கண்ணும் அதன் பின்னால் போய்விடும், அந்த ஒரு நொடியில் அடுத்த சர்வ் விழுந்துவிடும். மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது கண்ட்ரோலர் வாங்குங்கள்.

கல்லூரிகள் இதையெல்லாம் சொந்தமாக வாங்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரி லீக்குகளின் சொந்த டிவி சேனல்களாக 2007இல் பிக் டென் நெட்வொர்க், 2014இல் எஸ்இசி நெட்வொர்க், 2019இல் ஏசிசி நெட்வொர்க் வந்தன. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒளிபரப்பு வண்டியை அனுப்புவது கட்டுப்படியாகாது. அதனால் வளாகத்திலேயே கண்ட்ரோல் ரூம் கட்டி, ஃபைபர் கேபிளில் எல்லா மைதானத்தையும் இணைத்து, மாணவர்களையும் வைத்து நேரலை செய்யச் சொன்னார்கள். நாடு முழுக்கப் போகும் ஒளிபரப்பில் ரீப்ளே ஓட்டுவது பத்தொன்பது வயசுப் பிள்ளையாக இருக்கலாம். எனக்கு இது இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

போன சீசனில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு மாணவி சேர்ந்தாள். கண்ட்ரோல் ரூமில் எல்லோரோடும் ஆங்கிலம், என்னிடம் மட்டும் தமிழ்.

“அக்கா, லீவர முழுசா தள்ளவா?”

“வேண்டாம்மா. பந்து மேல வர்ற வரைக்கும் முழு வேகத்துல விடு. கை பந்துல படும்போது மட்டும் இழு. அப்புறம் மறுபடியும் விட்டுடு.”

“எப்ப இழுக்கணும்னு எப்படித் தெரியும்?”

“ஸ்க்ரீனப் பார்த்து இழுத்தா லேட். ஆட்டத்தப் பார்த்து இழு.”

அவளுக்கு அது சீக்கிரம் பிடிபட்டது, ஏனென்றால் பள்ளியில் வாலிபால் ஆடியவள். செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், முதுகை வளைக்கும் விதத்திலேயே பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், கை அதற்கு முன்பே சரியான கேமராவில் இருக்கும். மெஷினை யார் வேண்டுமானாலும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். விளையாட்டைப் புரிந்தவர்தான் ரீப்ளே ஆபரேட்டர். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள், ஃபுட்பாலைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆட்டம் பார்க்க வேண்டியிருந்தது. 1992இல் டர்பனில் டெண்டுல்கரை டிவி பார்த்து மூன்றாவது நடுவர் ரன் அவுட் கொடுத்த கதையை அப்பா சொல்லிச் சொல்லி, ரீப்ளே என்றால் தீர்ப்பு சொல்லும் ஒன்று என்றே மனதில் பதிந்திருந்தது.

இங்கே அந்தத் தீர்ப்பு வேலை தனி. கல்லூரி ஃபுட்பாலில் ரீப்ளே அதிகாரி ஒரு தனி அறையில் உட்கார்ந்திருப்பார், அவருக்குப் பிட்ஸ்பர்க் நிறுவனமான டிவிஸ்போர்ட்டின் கருவி போன்ற தனி மெஷின் இருக்கும். ஒளிபரப்புக் கேமராக்களின் படம் அவருக்கும் போகும். 2004இல் பிக் டென் லீக் இதைச் சோதித்துப் பார்த்தது, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். 2006 செப்டம்பர் 16 அன்று ஓக்லஹோமா – ஓரிகன் ஆட்டத்தில் ஒரு ஆன்சைட் கிக் (உதைத்த அணியே பந்தைப் பிடிக்கப் பார்க்கும் குட்டை உதை) தீர்ப்பு ரீப்ளே பார்த்த பிறகும் தவறாகவே போனது. ஓரிகன் 34–33 என்று வென்றது, பின்னர் அந்த நடுவர் குழுவும் ரீப்ளே அதிகாரியும் ஒரு ஆட்டத்துக்கு இடைநிறுத்தப்பட்டார்கள். கேமரா பிடித்தது உரியவர் கண்ணுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் பயன். அதனால்தான் மறுபரிசீலனை என்று விசில் ஊதியதும் எங்கள் அறையில் எல்லோரும் அரட்டையை நிறுத்திவிடுவோம். இருக்கிற எல்லாக் கோணத்தையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், ப்ரொட்யூசர் கேட்கும் வரிசையில் தருவோம்.

ஸ்டேடியத்தின் பெரிய திரைக்குப் போகும் ப்ளேபேக் இன்னொரு உலகம். ஆபர்ன் பல்கலைக்கழகம் 2015இல் வைத்த திரை 190 அடி அகலம், 57 அடி உயரம், 10,830 சதுர அடி. அவ்வளவு பெரிய திரைக்கு வீரர்கள் அறிமுக வீடியோ, விளம்பரதாரர் கிளிப், பாட்டு, கைதட்டச் சொல்லும் அனிமேஷன் எல்லாம் ஓட வேண்டும். இங்கே ஸ்லோமோஷன் தேவையில்லை. பொத்தானை அழுத்திய அதே நொடியில் கிளிப் ஓட வேண்டும், ஒலியும் படமும் ஒன்றாக வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு வெளியூர் அரங்கில் வீரர்கள் அறிமுகத்தின்போது விளக்கை எல்லாம் அணைத்தபின் கிளிப் மெஷின் உறைந்துபோனதைப் பார்த்தேன். ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே மாற்று மெஷின் இல்லை. அன்றிலிருந்து எங்கள் அரங்கில் முக்கியமான நான்கைந்து கிளிப்பை ஹைப்பர்டெக் என்ற தனி ரெக்கார்டர் பெட்டியிலும் ஏற்றி, எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சரில் அதற்கு ஒரு தனி இன்புட் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கினேன். விலை குறைந்த பெட்டிதான், ஆனால் அது இல்லாமல் நான் ஆட்டம் தொடங்க விடமாட்டேன்.

மனதில் கனமாக இருக்கும் இன்னொரு விஷயம், யாருக்கு எத்தனை சேனல் என்பது. ஆண்கள் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் இரண்டு ஆபரேட்டர், எட்டு இன்புட், சூப்பர் ஸ்லோமோ. பெண்கள் வாலிபாலுக்கு ஒரு ஆபரேட்டர், நான்கு இன்புட், அதுவும் அந்த வாரம் மெஷின் சும்மா இருந்தால். இது ஒரு இடத்தின் பழக்கம் இல்லை, பல அரங்குகளில் பார்த்திருக்கிறேன். கூட்டம் வராது என்ற காரணம் இனிச் செல்லாது. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பெண்கள் வாலிபால் அணி தங்கள் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் ஆடியபோது வந்தவர்கள் 92,003 பேர். 2024இல் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை 1.8 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.5 கோடிகூட வரவில்லை.

நொடி குறைவாக இருக்கும் ஆட்டத்துக்குத்தான் நல்ல மெஷினும் இரண்டாவது ஆளும் வேண்டும். ஒருவர் இப்போது முடிந்த பாயின்ட்டை ஓட்டும்போது மற்றவர் முந்தைய செட்டின் கிளிப்களைக் கோத்து இடைவேளைக்கு மெல்ட் தயார் செய்யலாம். மெல்ட் என்றால் நல்ல தருணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி விளம்பர இடைவேளைக்குப் போகும் முன் ஓட்டுவது. தனி ஆளால் இரண்டும் முடியாது, அதனால் வாலிபாலில் மெல்ட்டே இல்லாமல் போகிறது. ஐந்தாவது செட் வரை போராடிய ஒரு பெண்ணின் அந்த ராத்திரியை முப்பது நொடியில் யாரும் திரும்பப் பார்க்காமல் போய்விடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை, ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் இதைச் சொல்கிறேன். இந்த ஆண்டு வாலிபாலுக்கு இரண்டாவது கண்ட்ரோலர் வந்திருக்கிறது. சூப்பர் ஸ்லோமோ இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருப்பேன்.

சரி, மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு. விற்பனையாளர் கண்காட்சியில் காட்டும் டெமோவில் எல்லா மெஷினும் நன்றாகவே ஓடும். ஏற்கெனவே பதிவான கிளிப், ஏசி அறை, பழகிய கை. அதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குக் கடனாகக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். உங்கள் எல்லாக் கேமராவையும் இணைத்து, எல்லாமே பிரேம்களை ஒரே தாளத்தில் வைக்கும் ஒரே சிங்க் சிக்னலில் ஓடுகிறதா என்று பாருங்கள். கேமரா மாற்றும்போது படம் ஒரு பிரேம் குதித்தால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான். யுபிஎஸ் இல்லாமல் மின்சாரத்தைத் துண்டித்து, திரும்ப வரும்போது பதிவு எத்தனை நேரத்தில் தானாகத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். ட்ரைவ் நிறையும் வரை ஓடவிட்டு, நிறைந்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரு உண்மையான வாலிபால் ஆட்டத்துக்கு, உங்கள் சிறந்த ஆபரேட்டரை அல்ல, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அதன் முன் உட்காரவையுங்கள். இரண்டாவது செட் முடிவதற்குள் அவள் “ரெடி” என்று சொல்வது சர்வுக்கு முன்னால் வர ஆரம்பித்தால், அந்த மெஷினை வாங்கலாம்.